உச்சிக்குள் இடிக்க வேண்டும்

பீடத்தின் நிழல் இன்னும் என் முழங்காலில்தான் கிடக்கிறது. அப்படியானால் நேரம் இருக்கிறது. சர்வேயர் வந்து ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் போதும், பிறகு நாங்கள் இடித்துக்கொள்ளலாம். பார்ப்பது முதலில், இடிப்பது பிறகு. இந்த வரிசை மாறிவிடக் கூடாது. காலையில் கஞ்சியைக் குடித்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்ததிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், நான் சொல்லச் சொல்ல அங்கே அவருடைய வண்டி கிளம்பிவிடும் என்பதுபோல. "பதினோரு மணிக்கெல்லாம் அங்க இருப்பேன் பெரியவரே," என்று நேற்று போனில் சொன்னார். மோசமான ஆள் இல்லை. வீடுகளை ஆக்கிரமிப்பு என்று எழுதிவிடுவார்கள், ரேஷன் கார்டு எல்லாம் பக்கத்துக் கிராமத்தின் பேரில் இருப்பதால் அதுவும் உதவாது, பழைய சாமி பீடம் ஒன்று இருந்து அதை அவரே நேரில் பார்த்து எழுதினால் மட்டும்தான் இது ஊர் என்று பொறுமையாக விளக்கியவர் அவர்தான். ஊர் என்று எழுதினால், சுற்றியுள்ள தரிசிலெல்லாம் மின்சாரத் தகடு பதிக்கப்போகிற சோலார்காரனின் வேலி எங்களை விட்டுச் சுற்றிக்கொண்டு போகும், எல்லோருக்கும் பட்டாவும் வரும். எழுதாவிட்டால் வேலி எங்கள் மேலேயே போகும். செல்போனில் படம் பிடித்து அனுப்பிப் பார்த்தேன். "இத எங்க வேணாலும் எடுத்திருக்கலாம்யா. நான் வந்து பாக்கணும்," என்றார். அதுவும் சரிதான். எங்கே வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். இடுப்பளவு உயரத்தில் சுண்ணாம்பு அடித்த ஒரு மேடு, விளக்கு வைக்க ஒரு மாடம், சுற்றிலும் கருவேலம். ராமநாதபுரம் சீமையில் இதுபோல எத்தனையோ கிடக்கின்றன.

இடிக்கப் போகிறோம் என்று சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். "ஏன்யா, உங்களுக்குன்னு இருக்கிற ஒரே சாட்சி அது. அதையும் நீங்களே இடிக்கணுமா?" அவருக்கு எங்கிருந்து சொல்ல ஆரம்பிப்பது. நாங்கள் கிணறு உப்பானால் ஆழப்படுத்த மாட்டோம். மற்ற ஊர்க்காரன் இன்னும் தோண்டுவான், போர் போடுவான், கடனை வாங்கி மோட்டார் இறக்குவான். எங்களுக்கு அது எங்கள் சாமி குருந்தாயி முகத்தைத் திருப்பிக்கொண்ட கணக்கு. அவளுடைய பீடத்திலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்துக்கொண்டு, தண்ணீர் கிடைக்கிற இடத்துக்குப் போய், அந்தப் பிடிமண்ணை வைத்துப் புதுப் பீடம் கட்டி, அந்த இடத்துக்கும் குருந்தேந்தல் என்றே பேர் வைத்துவிடுவோம். கடைசி வீட்டுக்காரன் கிளம்புகிற அன்றைக்குப் பழைய பீடத்தை இடித்து, உழுது, கொள்ளு விதைத்துவிட வேண்டும். இரண்டு இடத்தில் பீடம் இருந்தால் அவள் இரண்டு இடத்துக்கும் நடந்து நடந்து இரண்டு இடத்திலும் சாப்பிடாமல் போய்விடுவாள். இதை நான் சொல்லி முடித்ததும் சர்வேயர், "அப்ப பழைய குருந்தேந்தல் எங்க இருக்கு?" என்று கேட்டார். எதைக் கேட்கிறீர்கள் என்று கேட்டேன். முதல் ஊர் கடலோரம். அங்கேதான் குருந்த மரம் இருந்ததாம், அதற்குப் பிறகு எந்தக் குருந்தேந்தலிலும் குருந்த மரம் இல்லை, நானே அந்த மரத்தைப் பார்த்தது கிடையாது. இரண்டாவது ஊர் கண்மாய்க்குத் தெற்கே. மூன்றாவதில் நான் பிறந்தேன். இது நாலாவது. சுற்றுவட்டாரத்தில் எங்களுக்குப் பாய்சுருட்டி என்று பேர். டவுன் பஸ் கண்டக்டர் முக்கில் வண்டியை நிறுத்தி, "பாய்சுருட்டியெல்லாம் எறங்கு, மறக்காம ஊரையும் எடுத்துக்கிட்டு எறங்கு," என்பான். பஸ்ஸே சிரிக்கும். நாங்களும் சேர்ந்து சிரிப்போம். சிரிக்காமல் இருந்தால் அடுத்த நாளும் அதையே சொல்வான்.

பட்டா கேட்டு அலைந்த நாட்களில்தான் எனக்கு ஒன்று புரிந்தது. அளக்க வந்தவன் ஒவ்வொரு தடவையும் நாங்கள் கிளம்பிய பிறகுதான் வந்திருக்கிறான். வெள்ளைக்காரன் காலத்தில் சங்கிலி போட்டு அளந்தபோது முதல் ஊர் கொள்ளுக்காடாகக் கிடந்திருக்கிறது, புது இடத்துக் குடிசைகளைக் கணக்கில் சேர்க்காமல் தரிசு என்று எழுதிக்கொண்டு போய்விட்டான். ஜமீன் போய் மறுபடியும் அளந்தபோது இரண்டாவது ஊரை உழுது போட்டிருந்தார்கள், அதையும் தரிசு என்று எழுதினான். மூன்றாவதும் அப்படித்தான். தலைமுறை தலைமுறையாக எங்களை யாரும் விரட்டவில்லை, வீட்டுக்குத் தீ வைக்கவில்லை. ஒரு பகையாளி செய்ய வேண்டிய வேலையை நாங்களே நாள் பார்த்து, குளித்து, பூசை போட்டுச் செய்திருக்கிறோம். ஒருமுறை மூன்றாவது ஊர் இருந்த இடத்தைப் பார்க்கலாம் என்று பஸ்ஸை விட்டு இறங்கிப் போனேன். நான் பிறந்த இடம், விளையாடிய இடம், கண்ணை மூடிக்கொண்டு நடக்கலாம் என்று நினைத்தேன். பருத்தி நின்றது. பருத்தி எடுத்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, "யாரத் தேடுறீக?" என்று கேட்டாள். யாரையும் இல்லை, ஒரு ஊரைத் தேடுகிறேன் என்று சொல்ல முடியுமா? தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன். நல்ல தண்ணீர். அதுதான் வயிற்றெரிச்சல். அந்தக் கிணறு எப்போதோ பழையபடி இனிப்பாகிவிட்டது.

நம்புத்தாய் வருகிறாள். கையில் சொம்பு. என் பெண்டாட்டி நடையைப் பார்த்தே அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று கண்டுபிடித்துவிடலாம். "சட்டி பானையெல்லாம் கட்டியாச்சு. இன்னும் ஒங்க மாப்பிள்ள வரலயாக்கும்?" என்கிறாள். சர்வேயரைத்தான் மாப்பிள்ளை என்கிறாள், காலையிலிருந்து நான் அவருக்காக வழி பார்க்கிறதால். வருவார் என்கிறேன். "வருவாரு, வருவாரு. நம்ம மகள, எட்டு மாசப் புள்ளத்தாச்சிய, வேன்ல தூக்கிப்போட்டுக் கூட்டியாரானே ஒங்க தம்பி, அவளுக்கு வழியில ஒண்ணுன்னா ஒங்க சர்வேயரா வந்து நிப்பாரு?" நான் வரச் சொல்லவில்லை என்கிறேன். "சொல்லலதான். ரெண்டு வருசம் முன்னாடியே நாமளும் கெளம்பியிருந்தா இதெல்லாம் எதுக்கு?" என்று சொம்பை வைத்துவிட்டுப் போகிறாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, "அந்தத் தண்ணியக் குடிச்சுறாதீக, கை கழுவத்தான். குடிக்கிற தண்ணி கேன்ல இருக்கு," என்கிறாள். இதை அவள் சொல்ல வேண்டியதே இல்லை. சொம்பில் உள்ளது எங்கள் கிணற்றுத் தண்ணீர். நாக்கில் பட்டால் நாளெல்லாம் தாகம் எடுக்கும்.

இரண்டு வருடம் முன்பே கிளம்பியிருந்தால். இந்த இடத்தில்தான் என் யோசனை வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது, சுவரில் முட்டிய மாடு மாதிரி. இரண்டு வருடம் முன்பு எல்லோரும் திருப்பூருக்குப் போனபோது பிடிமண் போய்விட்டது. பல்லடம் பக்கத்தில் சாயப்பட்டறை ஓடைக்கு ஓரமாக, வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு, கோழிக்கூண்டு அளவுக்கு ஒரு பீடம் கட்டிவிட்டார்கள். நானும் நம்புத்தாயும் மட்டும் பட்டா மனுவுக்காக இங்கே தங்கிவிட்டோம். ஆள் இருக்கும்வரை பீடத்தை இடிக்க முடியாது, விளக்கு ஏற்றித்தான் ஆக வேண்டும். அந்த இரண்டு வருடத்துக்குள் என் மகள் நாகஜோதிக்கு இரண்டு தடவை கரு தங்கவில்லை. டாக்டரம்மா ரத்தம் குறைவு என்றார். மில்லில் நின்றுகொண்டே வேலை பார்க்கிறவளுக்கு ரத்தம் எங்கிருந்து வரும். எனக்கு டாக்டரம்மா சொன்னதுதான் புரிந்தது, இப்போதும் அதுதான் சரி என்று நினைக்கிறேன். ஆனால் அங்கே குறி கேட்டார்கள். குருந்தாயி பாதி அங்கே நிற்கிறாள், பாதி இங்கே நிற்கிறாள், ஜோதியின் வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போகிறாள் என்று வந்தது. ஆடிக் கடைசி வெள்ளிக்குள், உச்சிப்பொழுதுக்கு முன்னால், ஜோதி கண்ணெதிரே பழைய பீடத்தை இடித்தால் இந்தப் பிள்ளை நிற்குமாம். இன்றைக்குத்தான் அந்த வெள்ளி. உச்சி தாண்டிவிட்டால் அடுத்த ஆடிக்குத்தான் இடிக்க முடியும், பிள்ளை அதுவரை காத்திருக்காது. நான் அதை நம்பவில்லை. நம்பவில்லை என்று எனக்கு நானே சொல்லும்போதே கண் பீடத்தின் நிழலை அளந்துகொண்டிருக்கிறது. நம்பாமல் இடித்தால் ஊர் போகும். இடிக்காமல் இருந்து, ரத்தம் குறைந்தே ஏதாவது ஆகிவிட்டால், ரத்தம் என்று யார் சொல்வார்கள்? அவளே சொல்ல மாட்டாள். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லாமல் சாகிறவரை என்னைப் பார்ப்பாள். சர்வேயர் மட்டும் முதலில் வந்துவிட்டால் இதில் எதையும் நான் யோசிக்க வேண்டியதில்லை.

அப்பா மூன்றாவது ஊரின் பீடத்தை இடித்தபோது நான் சின்னப் பையன். உள்ளே என்ன இருக்கும் என்று பார்க்க முண்டியடித்துக்கொண்டு முன்னால் போய் நின்றேன். தங்கம் இருக்கும், பாம்பு இருக்கும், அவளே உட்கார்ந்திருப்பாள் என்று ஆளுக்கொன்று சொல்லியிருந்தார்கள். கடப்பாரை விழுந்ததும் சுண்ணாம்பு அடை அடையாகப் பெயர்ந்தது, பிறகு செங்கல், பிறகு மணல். மணலில் எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடின. அவ்வளவுதான். அப்பா நிறுத்தவே இல்லை. இடித்துக்கொண்டே இருந்தார், அவரும் எதையோ எதிர்பார்த்திருப்பார் போல. கடைசியில் மண்வெட்டியால் அந்த மணலை வாரி நாலாபக்கமும் வீசினார். அன்றைக்கு ராத்திரி மாட்டுவண்டியில் புது ஊருக்கு வரும்போது, மண்ணுதானே இருந்துச்சு, எதுக்கு எல்லாரும் அழுகுறாக என்று கேட்டேன். அம்மா பட்டென்று வாயில் அடித்தாள். இந்தப் பீடத்திலும் மணல்தான் இருக்கும். எனக்குத் தெரியும், கட்டும்போது மணல் சுமந்தவர்களில் நானும் ஒருவன்.

நிழல் என் பாதத்துக்குப் போய்விட்டது. மேற்கே புழுதி தெரிகிறது. ஒரு வண்டி. இரண்டு சக்கரமா, நாலு சக்கரமா என்று எழுந்து நின்று பார்க்கிறேன். புழுதி அகலமாக இருக்கிறது. வேன்.

தம்பி பூவலிங்கம் இறங்கியதும் முதலில் பீடத்தைப் பார்த்தான், பிறகுதான் என்னை. "வந்து பாத்துட்டுப் போயிட்டாராண்ணே?" என்றான். இல்லை என்றேன். "நீ போன் போடு." போட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவன் அதைப் பிடுங்கி நம்பரைப் பார்த்துத் தன் போனில் போட்டான், எடுத்துவிட்டார். "சார், நாங்க குருந்தேந்தல்லருந்து. ஆமா சார். மீட்டிங்கா? எப்ப சார் முடியும்? இல்ல சார், உச்சிக்குள்ள... உச்சின்னா பன்னெண்டு சார். சாமி விசயம் சார். சார், சார்." போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். "தாசில்தாரு மீட்டிங்காம். முடிஞ்சதும் வாராராம். வந்துருவேன் வந்துருவேன்னுதான் சொல்றாரு." வேனில் வந்திருந்த ஆம்பளைகள் கருவேல நிழலில் ஒதுங்கினார்கள். ஒருவன், "அவரு வாரதுக்குள்ள அடுத்த ஊரும் உப்பாயிரும்," என்றான். "அங்கதான் ஏற்கனவே சாயத் தண்ணியாச்சே, உப்புக்கு எடம் ஏது," என்றான் இன்னொருவன். சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானது, பஸ்ஸில் சிரித்த அதே சிரிப்பு.

ஜோதி வேனின் படியில் உட்கார்ந்திருந்தாள். முகமும் காலும் வீங்கியிருந்தன, நம்புத்தாய் புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருந்தாள். "கஞ்சி குடிச்சீகளாப்பா?" என்றாள். குடித்தேன் என்றேன். வழியில் குலுக்கியதா என்று கேட்டேன். "குலுக்குச்சு. இது ஒரே ஒதைதான்," என்று வயிற்றைத் தொட்டாள். பிறகு, "அவரு வரட்டும்ப்பா. பொறுப்போம். இத்தன பேருக்குப் பட்டா வரும்ல," என்றாள். அவள் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. இடியுங்கள் என்று கத்தியிருந்தால் நான் கோபப்பட்டு இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். சொல்லிவிட்டு அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, பீடத்தின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அங்கே மிச்சமிருந்த நிழலை. ஒரு கை வயிற்றின் மேல் விரிந்து கிடந்தது, சந்தையில் பையைத் திருடன் பறித்துவிடுவானோ என்று அழுத்திப் பிடித்துக்கொள்கிற மாதிரி. எல்லோரும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சாலையில் கானல்தான் ஓடியது. மீட்டிங் முடிந்து கிளம்பியிருப்பார், முக்குக்கு வந்திருப்பார், முக்கில் டீ குடித்துக்கொண்டிருப்பார், இப்போது திரும்பியிருப்பார். இப்படி அவரை நான் மனதுக்குள் பலமுறை ஓட்டி ஓட்டிக் கொண்டுவந்தேன், ஒவ்வொரு தடவையும் கண்மாய்க்கரையைத் தாண்டியதும் மறைந்துபோனார். "அண்ணே," என்றான் பூவலிங்கம். அவன் கையில் கடப்பாரை இருந்தது, ஆனால் என்னிடம் நீட்டவில்லை, தரையில் ஊன்றிப் பிடித்திருந்தான். மூத்தவன்தான் முதல் அடி அடிக்க வேண்டும். நான் கை நீட்டி வாங்கிக்கொண்டேன். யோசித்து முடிவெடுத்தேன் என்று சொன்னால் பொய். கை நீண்டது.

சுண்ணாம்பு அடை அடையாகப் பெயர்ந்தது. எங்கள் கை வருடாவருடம் அடித்த சுண்ணாம்பு, ஒன்றன்மேல் ஒன்றாக, விரற்கடை கனத்துக்கு இருந்தது. பிறகு செங்கல், பிறகு மணல். நான் பார்க்க விரும்பவில்லை, ஆனாலும் பார்த்தேன். மணல்தான். மற்றவர்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். நன்றாகத்தான் வேலை செய்தோம், வேறு எந்த வேலையையும் நாங்கள் இவ்வளவு சீராகச் செய்து நான் பார்த்ததில்லை. உழுவதற்கு மாடு இல்லை, மண்வெட்டியாலேயே கொத்திப் புரட்டினோம். நம்புத்தாய் கொள்ளு விதையை விசிறினாள். அது முளைக்காது, உப்புத் தரையில் கொள்ளு எங்கே முளைக்கும், அவளுக்கும் தெரியும், ஆனாலும் எல்லாப் பக்கமும் ஒரே அளவாக விழும்படி விசிறினாள். ஜோதி வேன் படியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தாள். "முடிஞ்சுச்சா?" என்றாள். முடிந்தது என்றேன். அவள் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. இனி அந்தப் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தோம். பாத்திரங்களை ஏற்றினோம், கட்டிலை ஏற்றினோம், தண்ணீர் கேனை ஏற்றினோம். யாரோ டிரைவரிடம் மணி கேட்டார்கள். உச்சி தாண்டியிருந்தது.

கட்டிலுக்குக் கயிறு போட்டுக்கொண்டிருக்கும்போது சர்வேயர் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றியதும் முகமெல்லாம் வேர்வை. "சாரி பெரியவரே, விடமாட்டேன்னுட்டாங்க. மத்தியானம் சோறுகூடத் திங்கல," என்றார். உண்மையாகத்தான் இருக்கும். "எங்க, காட்டுங்க, முதல்ல அத முடிச்சிருவோம்." எனக்குப் பின்னால் இருக்கிறது என்றேன். அவர் என் தோளுக்கு மேலாகப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்த்தார். "பின்னாலன்னா? கொத்திப் போட்ட மண்ணுல்ல கெடக்கு." அதேதான் என்றேன். அவருக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் திட்டுவார் என்று நினைத்தேன். "ஒரு மணி நேரம்," என்றார். "ஒரு மணி நேரம் இருந்திருக்கக் கூடாதாய்யா?" வேனுக்குள்ளிருந்து ஜோதி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கட்டில் கயிற்றை இழுத்து முடிந்தேன். "சரி, எங்க இருந்துச்சு, எவ்வளவு அகலம்னாவது திரும்பிக் கையக் காட்டுங்க, ஏதாவது எழுதப் பாக்குறேன்," என்றார். நான் திரும்பவில்லை. பூவலிங்கமும் திரும்பவில்லை. எங்களில் ஒருவரும் திரும்பவில்லை, எல்லோரும் வரிசையாக மேற்கே பார்த்துக்கொண்டு நின்றோம், அவர் ஒருத்தர் மட்டும் கிழக்கே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவருடைய போன் அடித்தது. எடுத்துப் பேசினார். "ஆமா, ஆமா, க்ளியராத்தான் இருக்கு. ஒண்ணும் இல்ல. அனுப்புங்க," என்றார். ஹெல்மெட்டை மறுபடி மாட்டிக்கொண்டார். "வேனக் கொஞ்சம் ஓரமா எடுக்கச் சொல்லுங்க பெரியவரே. சோலார் வேலிக்குக் கல்லு ஊன்றவங்க லாரி வருது, உள்ள திரும்பணும்." டிரைவரிடம் சொன்னேன். அவன் வண்டியை எடுத்தான். நாங்கள் அதன் பின்னாலேயே நடந்து ஓரமாகப் போய் நின்றோம்.